மழைக்கு முன் வைப்பர் பிளேடு: எதைப் பார்த்து வாங்குவது?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. முதல் கனமழை கொட்டிய மறுநாள், சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் தொடங்கி சிற்றூர் ஆட்டோமொபைல்ஸ் கடை வரை வைப்பர் பிளேடு கேட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காத பொருள், ஒரே ராத்திரியில் அவசரத் தேவையாகிவிடுகிறது. கையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம். சில வாரத்தில் அதுவும் கண்ணாடியில் கோடு போடத் தொடங்குகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். வைப்பர் சரியாகத் துடைக்காததால் எதிரே நிற்பது லாரியா வெறும் நிழலா என்று பிரித்தறிய ஒரு விநாடி கூடுதலாக ஆனால், பிரேக்கில் கால் படும் முன்பே அந்த 22 மீட்டரும் போய்விடும். இரவு மழையில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணாடியில் பரவி நிற்கும்போது, குடை பிடித்துச் சாலையைக் கடக்கிறவர் நம் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் இரண்டு ரப்பர் பட்டைகளைப் பொறுத்த விஷயம். ஒரு ஜோடி சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் கிடைக்கிறது. காரில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பாதுகாப்புத் தருகிற பொருள் வேறு அதிகம் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகத் தெரிந்துகொண்டு வாங்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: நம் ஊரில் வைப்பரைக் கெடுப்பது மழை அல்ல, வெயில். மழைக்கான பிளேடு என்று தேடுவதைவிட, எட்டு மாத வெயிலைத் தாங்கிவிட்டு மழைக்கும் வேலை செய்யும் பிளேடு எது என்று பார்ப்பதுதான் சரியான தேர்வு.

அந்த மெல்லிய விளிம்பு செய்யும் வேலை

பழைய பிளேடு ஒன்றைக் கழற்றிக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ரப்பரின் தடித்த மேல்பகுதி ஓர் உலோகப் பட்டையோடு பிணைந்திருக்கும். அதற்குக் கீழே குறுகலான கழுத்து. கழுத்துக்குக் கீழே சரிந்து மெலிந்து, கூரான விளிம்பில் முடியும் நாக்கு. கண்ணாடியைத் தொட்டு நீரை வழிப்பது அந்த விளிம்பு மட்டும்தான்.

வைப்பர் ஒரு பக்கம் போகும்போது நாக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தபடி பின்னால் இழுபட்டு வரும். திரும்புகிற இடத்தில் கழுத்து வளைந்துகொடுக்க, நாக்கு அடுத்த பக்கம் புரளும். குறைந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 45 முறை போய்வருகிற வைப்பர், ஒரு மணி நேரத் தொடர்மழையில் 2,700 முறை போய்வருகிறது. போக ஒன்று, வர ஒன்று என்று நாக்கு 5,400 முறை புரள வேண்டும். ரப்பர் மிருதுவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் புரளும். இறுகிப்போயிருந்தால் புரளாமல் நிமிர்ந்தபடியே தள்ளிக்கொண்டு போகும். அப்போதுதான் 'தடதட'வென்று கண்ணாடியில் துள்ளுகிற சத்தம் வருகிறது. துள்ளுகிற ஒவ்வோர் இடத்திலும் துடைபடாத ஈரப்பட்டை ஒன்று மிஞ்சும்.

ரப்பர் இறுகுவதற்குக் காரணம் மூன்று: சூடு, சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர், காற்றில் உள்ள ஓசோன். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் எளிதில் அறுத்துவிடும். வெயிலில் நின்ற பழைய சைக்கிளின் டயரில் மெல்லிய வெடிப்புகள் ஓடுமே, அதே கேடுதான் வைப்பர் நாக்கிலும் நடக்கிறது. டயரில் தாங்கும் அந்த வெடிப்பு, இந்த மெல்லிய விளிம்பில் தாங்காது.

சித்திரை, வைகாசியில் வேலூர், திருத்தணி, மதுரைப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. வெட்டவெளியில் நிற்கும் காரின் முன்கண்ணாடி கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அந்தச் சூட்டின் மேல் நாக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கிறது. மேலே புழுதி வேறு. அக்டோபரில் நாம் சுவிட்சைப் போடும்போது, ஒரு மழையைக்கூடப் பார்க்காத பிளேடும் கெட்டுப்போய்த்தான் இருக்கும். 'போன வருஷம் மாத்தினது, ரொம்ப ஓடவே இல்லையே' என்கிற கணக்கு இங்கே செல்லாது.

கெட்டது பிளேடுதானா?

புதிது வாங்கும் முன் பழையதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கண்ணாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெய்ப் படலம் போகும்படி கிளாஸ் கிளீனரால் துடையுங்கள். ஈரத்துணியால் ரப்பர் நாக்கை நீளவாக்கில் இழுத்துத் துடையுங்கள். துணியில் கறுப்பாக அழுக்கு வரும். பிறகு தண்ணீரைத் தெளித்து வைப்பரை ஓடவிடுங்கள்.

ஒரே இடத்தில் மெல்லிய கோடு மட்டும் விழுந்தால், அந்த இடத்தில் மணல் துகள் ஒட்டியிருக்கிறது அல்லது விளிம்பு கிழிந்திருக்கிறது. துகளானால் துடைத்ததும் போய்விடும். கிழிசலானால் மாற்றியாக வேண்டும்.

துடைத்த பிறகும் புகைமூட்டம்போல் படலம் நின்றால், பெரும்பாலும் கண்ணாடியில்தான் குற்றம். டீசல் புகைக்கரி, சாலை எண்ணெய், வாட்டர் வாஷ் கடையில் பாடிக்குப் போட்ட வேக்ஸ் பாலிஷ் எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கும். முதல் மழையில் முன்வண்டிச் சக்கரங்கள் வாரியடிக்கும் நீரில் இந்த எண்ணெய் நிறையவே இருக்கும். நன்றாகச் சுத்தம் செய்தும் போகவில்லையென்றால் விளிம்பு மழுங்கிவிட்டது என்று பொருள்.

இரு பக்கமும் துள்ளினால் ரப்பர் இறுகிவிட்டது. ஒரு திசையில் மட்டும் துள்ளினால் பிளேடு நல்லதாகவே இருக்கலாம். அதைத் தாங்கும் ஆர்ம் முறுகி, நாக்கு சாய்வாகக் கண்ணாடியில் இறங்குகிறது. மெக்கானிக் அதன் கோணத்தைச் சரிசெய்வார். மேல்முனை அல்லது நடுப்பகுதி துடைபடாமல் அகலமான பட்டையாகத் தங்கினால், பிளேடின் வளைவு கண்ணாடி வளைவோடு பொருந்தவில்லை, அல்லது ஆர்மின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்த ஆர்மில் எவ்வளவு விலையுயர்ந்த பிளேடை மாட்டினாலும் பலன் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மழையில் கண்ணாடி மங்கினால் உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் பட்ட இடம் தெளிந்தால் அது உள்ளே படிந்த நீராவி. ஏ.சி.யைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினாலே போதும்.

ஃப்ரேம் உள்ளதா, இல்லாததா?

கடையில் மூன்று வகை பிளேடு இருக்கும். பழைய வகைக்கு உலோக ஃப்ரேம் உண்டு. நடுவில் ஒரு பெரிய வளைவு, அதிலிருந்து பிரியும் சிறு கைகள், அந்தக் கைகளின் நுனியில் ரப்பரைப் பிடிக்கும் கவ்விகள். ஆர்ம் தரும் அழுத்தம் இந்தக் கவ்விகள் வழியாகப் பிரிந்து கண்ணாடிக்குப் போகும். கைகள் தனித்தனியே அசைவதால் பலவித வளைவுகளுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். விலை குறைவு. ஆனால் மூட்டுகளில் புழுதி சேர்ந்து இறுகும், கவ்விகளில் துரு ஏறும், நெடுஞ்சாலை வேகத்தில் காற்று ஃப்ரேமுக்குள் புகுந்து பிளேடைத் தூக்கப் பார்க்கும்.

இரண்டாவது ஃப்ரேம்லெஸ். வெளியே ஃப்ரேம் இருக்காது. ரப்பருக்குள்ளோ பக்கவாட்டிலோ, முன்கூட்டியே வளைத்த ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை ஓடும். அழுத்தம் சில புள்ளிகளில் குவியாமல் நீளம் முழுவதும் சமமாகப் பரவும். மேலே இருக்கும் மடிப்பு காற்றை வாங்கி பிளேடைக் கீழே அழுத்தும். மூட்டு இல்லாததால் புழுதிக்கும் துருவுக்கும் இடம் குறைவு. அதிக வேகத்திலும் கடற்கரையிலும் இதற்குத்தான் அனுகூலம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டையின் வளைவு உங்கள் கார் கண்ணாடிக்குப் பொருந்த வேண்டும். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று விற்கும் மலிவான ஃப்ரேம்லெஸ் பிளேடுகளில் பலவும் நுனியிலோ நடுவிலோ கண்ணாடியைத் தொடாமல் நிற்கும்.

மூன்றாவது ஹைப்ரிட். உள்ளே ஃப்ரேம், மேலே காற்றைக் கிழிக்கும் பிளாஸ்டிக் உறை. வளைவுக்கு ஒத்துப்போகும் குணமும் இருக்கும், வெயில் உலோகத்தில் நேரே படாமல் மறைவும் கிடைக்கும். வாங்கும்போதே கார் கம்பெனி இந்த வகையைப் பொருத்தியிருந்தால் அதையே தொடர்வது நல்லது.

என் யோசனை எளியது. நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களும் கடலோர ஊர்க்காரர்களும் உங்கள் மாடலுக்கென்றே வரும் ஃப்ரேம்லெஸ் வாங்குங்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு நல்ல ஃப்ரேம் பிளேடே போதும். ஃப்ரேம் கோணாமல், ஆடாமல் இருந்தால் வைப்பர் ரப்பரை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோய், நீளமும் அகலமும் ஒத்ததைப் பார்த்து வாங்க வேண்டும்.

ரப்பரா, சிலிகானா?

விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. இயற்கை ரப்பர் கண்ணாடியில் நன்றாகப் படியும், சுத்தமாகத் துடைக்கும். வழுக்கிக்கொண்டு போவதற்காக அதன் மேல் கிராஃபைட் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெயிலுக்குத்தான் இது சீக்கிரம் தோற்றுப்போகும். செயற்கை ரப்பர் கலந்தவை ஓசோனுக்கு இன்னும் கொஞ்சம் நின்று பிடிக்கும்.

சிலிகான் சூட்டையும் புற ஊதாக் கதிரையும் இவை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். எளிதில் இறுகாது. சில சிலிகான் பிளேடுகள் ஓட ஓட, நீரை முத்தாக உருட்டிவிடும் மெல்லிய பூச்சு ஒன்றையும் கண்ணாடியில் விட்டுப்போகும். குறையும் உண்டு: விலை கூடுதல், எண்ணெய்ப் பிசுக்குள்ள கண்ணாடியில் மாட்டினால் துள்ளும். சிலிகான் மாட்டும் முன் கண்ணாடியைப் பிசுக்கே இல்லாமல் துடைத்தாக வேண்டும்.

இதில் முடிவெடுக்க ஒரே கேள்வி போதும்: கார் பகலில் எங்கே நிற்கிறது? அலுவலக வாசலிலோ தெருவிலோ வெயிலில் காய்கிறது என்றால் சிலிகானுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது. கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு நல்ல ரப்பர் பிளேடை வருஷா வருஷம் மாற்றுவதே சிக்கனம்.

அளவும் கொக்கியும்

'என்ன வண்டி, எந்த வருஷ மாடல்?' என்றுதான் கடைக்காரர் கேட்பார். ஒரே பெயரில் ஓடும் காருக்கும் மாடல் மாறும்போது பிளேடு அளவு மாறியிருக்கலாம். அதனால் வண்டிப் பெயரை மட்டும் சொல்லாமல் வருஷத்தையும் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வீட்டிலேயே டேப்பை வைத்து ரப்பரின் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு போவது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பல கார்களில் டிரைவர் பக்கம் நீளமாகவும் இடப்பக்கம் குட்டையாகவும் இருக்கும். பெட்டியில் அங்குலம் போட்டிருந்தால் ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பெரிதாகப் போட்டால் அதிகம் துடைக்கும் என்று நினைத்து நீளமானதை மாட்ட வேண்டாம். இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று இடிக்கும், அல்லது கண்ணாடி ஓரத்தில் மோதி மோட்டாருக்குச் சுமை ஏற்றும். குட்டையானால் டிரைவர் கண்ணுக்கு நேரே துடைபடாத பகுதி விழும்.

அடுத்தது பிளேடு ஆர்மோடு சேரும் இடம். நம் கார்களில் அதிகம் காண்பது யூ வடிவக் கொக்கி. பக்கவாட்டில் ஊசி போலச் செருகுவது, மேலிருந்து அழுத்திப் பூட்டுவது, பட்டனை அமுக்கிக் கழற்றுவது என்று வேறு வகைகளும் உண்டு. ஆர்மின் நுனியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் கடையில் குழப்பம் இராது. பின்கண்ணாடி வைப்பர் உள்ள காரானால் அதையும் சேர்த்தே அளந்துவிடுங்கள். அதன் பொருத்தம் தனி வகை.

பெட்டியைக் கையில் வாங்கியதும் தயாரித்த மாதமும் வருஷமும் பாருங்கள். பொட்டலப் பொருளில் அதை அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். ரப்பர் கடை அலமாரியில் இருந்தாலும் வயதாகும். இரண்டு மூன்று வருஷப் பழைய சரக்கு விலை குறைவு என்றாலும் வேண்டாம். முடிந்தால் நாக்கை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். உடனே நேராகத் திரும்ப வேண்டும். விளிம்பு நீளம் முழுக்க ஒரே நேராக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

மாட்டும்போது

இன்ஜினை அணைத்து, வைப்பர் சுவிட்ச் ஆஃப் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்மைத் தூக்கும் முன் முன்கண்ணாடி மேல் தடித்த துண்டு ஒன்றை மடித்து விரித்துவிடுங்கள். பிளேடு கழன்ற ஆர்ம் கை தவறி விழுந்தால் அதன் இரும்பு நுனி ஸ்பிரிங் வேகத்தோடு கண்ணாடியில் அடிக்கும். ஒரே அடியில் விரிசல் விழும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய்ச் செலவாகும். சில கார்களில் வைப்பர் பானெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். அவற்றை வலுவில் தூக்கக் கூடாது. சர்வீஸ் நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

யூ கொக்கியானால், ஆர்மைத் தூக்கி நிறுத்தி பிளேடை அதற்குக் குறுக்கே திருப்புங்கள். நடுவில் தெரியும் சிறு பிளாஸ்டிக் தாழை அமுக்கியபடி பிளேடைக் கீழ்நோக்கி, அதாவது காரை நோக்கித் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். புதியதை அதே வழியில் நுழைத்து மேலே இழுக்க வேண்டும். 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள். பிறகு ஒருமுறை இழுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆர்மைக் கையால் பிடித்து மெதுவாக இறக்குங்கள்.

புதிய பிளேடின் நாக்கு மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை செருகியிருக்கும். அதை உருவ மறந்து அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் கண்ணாடியைத் தேய்க்கும், தண்ணீர் துடைபடாது, பிளேடு போலி என்று பழி விழும். உறையை உருவிவிட்டு, கண்ணாடியை நனைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும்

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் செப்டம்பர் கடைசியில் பிளேடு மாற்றுவது பொருத்தம். கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையையும் வாங்கும். வால்பாறை, கூடலூர்ப் பக்கம் ஜூனிலேயே மழை பிடித்துக்கொள்ளும். அங்கெல்லாம் மே கடைசியிலேயே மாற்றிவிட வேண்டும். எப்போதாவது வரும் பெருமழைக்கும் முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் வழி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் எந்த வைப்பரும் போதாது. பார்வை இல்லையென்றால் மேடான, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவதே ஒரே வழி.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி படியும். பிளேடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் நாக்கு கிழியும், மோட்டாரும் திணறும். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். வண்டியை ஸ்டார்ட் செய்து உள்ளிருந்து வெப்பக்காற்றை விட்டு, பனி இளகிய பிறகு ஓட்டுங்கள்.

ராமேஸ்வரம், தூத்துக்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உப்புக்காற்று. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பிளேடையும் ஆர்மையும் கழுவினால் துரு தள்ளிப்போகும்.

வாடகை வண்டி, வேன், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டப்பூர்வமான விஷயமும்கூட. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-ஆவது விதி வைப்பருக்கென்றே இருக்கிறது, எஃப்.சி. காட்டும்போதும் அதைப் பார்ப்பார்கள். வைப்பர் நின்றுபோனால் கண்ணாடியில் புகையிலையோ வெங்காயமோ தேய்க்கும் பழைய வழக்கம் அருகில் உள்ள மெக்கானிக் கடை வரை போய்ச் சேர உதவலாம். அதை நம்பி ஊர்ப்பயணம் போகக் கூடாது.

ஆயுளைக் கூட்ட

புழுதி படிந்த காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். மணல் துகளை நாக்கு இழுத்துக்கொண்டு போய் அரைவட்டக் கீறல் போடும். அந்தக் கீறல் இரவில் எதிர்வெளிச்சம் படும்போதெல்லாம் மின்னும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி, பிறகு துடையுங்கள். வாஷர் டேங்கில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து துளை அடைத்துக்கொள்ளும். ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்து ஊற்றினால் நுரை காய்ந்து படலமாகும். கடையில் கிடைக்கும் வாஷர் திரவத்தையோ உப்பு நீக்கிய தண்ணீரையோ பயன்படுத்துங்கள். பிளேடில் தேங்காய் எண்ணெய், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் படவேண்டாம்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்துவது நல்லதா என்று பலரும் கேட்கிறார்கள். நாக்கு மடங்கிக் கிடக்காது என்பது உண்மை. ஆனால் வெயில் படுவது குறையாது, ஆர்மின் ஸ்பிரிங் இழுபட்டே நிற்கும், யார் கை பட்டாலும் ஆர்ம் கண்ணாடியில் அடிக்கும். அதைவிட, வைப்பரையும் சேர்த்து மூடும்படி முன்கண்ணாடி மேல் ஒரு துணி உறை போடுவது மேல்.

இவ்வளவும் செய்தால்கூட சாதாரண ரப்பர் பிளேடுக்கு இங்கே ஆயுள் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரைதான். சிலிகான் கூடுதலாக உழைக்கும். மாற்றிய தேதியைப் போனில் குறித்துவைத்து, அடுத்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் நினைவூட்டும்படி செய்துவிடுங்கள். அன்று ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி வைப்பரை ஓட்டிப் பாருங்கள். கோடு விழுந்தால் அந்த வாரமே கடைக்குப் போய்விடுங்கள். மழைக்கு இன்னும் நாள் இருக்கும். உங்கள் அளவுக்கு ஏற்றதைப் பார்த்து வாங்க நேரமும் இருக்கும்.